கூடி உழைக்கும் கூடமும் நோய்க்காப்பும்

(கேரள-தமிழ்நாடு எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறையில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேலை முடிந்து வீடு திரும்பும் இந்த மாலை வேளையில், வேலந்தாவளத்திலிருந்தும் எருத்தேன்பதியிலிருந்தும் கோவிந்தாபுரத்திலிருந்தும் இத்தனை பேர் வந்து அமர்ந்திருப்பதையும், பீர்மேடு, தேவிகுளம், உடும்பன்சோலை தாலுகாக்களிலிருந்து நெடுந்தூரம் பிரயாணம் செய்து வந்த நண்பர்கள் முன்வரிசையில் இருப்பதையும் காணும்போது, நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்கள் அன்றாட வாழ்க்கையைத் தொட்டிருக்கிறது என்ற நம்பிக்கை எனக்கு உண்டாகிறது. முதலாளி என்று ஒருவர் இல்லாமல் தனித்து உழைக்கிறவர்களுக்கு ஊர்தோறும் பொதுவான ஒரு வேலைக் கூடமும், அவர்கள் நோயுற்றுப் படுத்தால் தாங்கிக்கொள்ளும் மருத்துவக் காப்பீடும் வேண்டும் என்பதே அந்த விஷயம். இவ்விரண்டும் தனித்தனித் தேவைகள் என்று பலர் எண்ணுகிறார்கள். கூடம் என்பது சௌகரியம், காப்பீடு என்பது அவசியம், ஆகவே காப்பீட்டை முதலில் பார்ப்போம், கூடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கூடும் இடம் இல்லாதவர்களுக்குக் காப்பு நிலைக்காது. ஆகையால் கூடத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். அதற்கான காரணங்களைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

தனித்து உழைக்கிறவர் என்று யாரைச் சொல்கிறேன்? வீட்டுத் திண்ணையில் தையல் மெஷின் போட்டிருக்கும் பெண்மணியைச் சொல்கிறேன். கோயம்புத்தூரிலுள்ள அச்சகங்களுக்குக் கல்யாணப் பத்திரிகையும் விளம்பரமும் கம்ப்யூட்டரில் வடிவமைத்து அனுப்பும் இளைஞரைச் சொல்கிறேன். பி.காம். படித்துவிட்டு, கடைவீதியிலுள்ள சிறு வியாபாரிகளின் ஜி.எஸ்.டி. கணக்கை மாதாமாதம் பதிந்து கொடுக்கும் பெண்ணைச் சொல்கிறேன். மூணாற்றிலும் குமுளியிலும் ஜீப் ஓட்டுகிறவர், செல்போன் பழுது பார்க்கிறவர், பாலக்காட்டுத் தெருக்களில் பைக்கில் சாப்பாடு கொண்டு கொடுக்கிறவர் ஆகிய இவர்களையெல்லாம் சொல்கிறேன். இவர்களில் ஒருவருக்கும் மாதச் சம்பளம் இல்லை. ஒருவருக்கும் மருத்துவ விடுப்பு இல்லை. வேலை செய்யாத நாள் சம்பாத்தியம் இல்லாத நாள்.

நம் மலைப்பகுதியின் சரித்திரத்தைச் சற்றே நினைத்துப் பாருங்கள். திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் கங்காணிகள் அழைத்து வந்த ஜனங்கள் தேயிலைக் காடுகளில் மூன்று தலைமுறை, நான்கு தலைமுறை உழைத்தார்கள். அவர்கள் பட்ட துன்பத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. அது உங்கள் வீட்டுக் கதை. ஆயினும் சுதந்திர இந்தியா 1951-ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர் சட்டத்தை இயற்றி, குடியிருப்பும் வைத்தியமும் பிள்ளைக் காப்பகமும் தோட்ட நிர்வாகத்தின் கடமை என்று வகுத்தபோது, வரிசைக் குடியிருப்பான லயன் வீடு ஒன்று, காலையில் பெயர் பதியும் மஸ்டர் ஒன்று, எஸ்டேட் ஆஸ்பத்திரி ஒன்று என மூன்று தூண்களின்மேல் ஒரு வாழ்க்கை நின்றது. இந்த மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றதைக் கவனியுங்கள். மஸ்டரில் பெயர் இருந்தால் கூலி உண்டு. அதே பெயர் இருந்தால்தான் டிஸ்பென்சரியில் மருந்து உண்டு. உழைக்கும் இடத்தில் பதிந்த பெயரே நோய்க்கும் காப்பாக இருந்தது.

2015 செப்டம்பரில், மூணாற்றுத் தோட்டப் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டு, தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு, சாலையில் ஆயிரக்கணக்கில் அமர்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்ற பெயர் நாடெங்கும் பரவியது. அந்த ஒற்றுமை எப்படி வந்தது? ஒரே மலைச்சரிவில் வரிசையாக நின்று கொழுந்து கிள்ளி, ஒரே நிறுவை இடத்தில் சுமையை இறக்கி, ஒரே லயன் வரிசையில் அடுத்தடுத்த அடுப்பில் சமைத்தவர்கள் அவர்கள். நாள்தோறும் முகம் பார்த்துப் பழகியவர்களால் ஒரே நாளில் ஒன்றாக எழ முடிந்தது. அவர்களுடைய பிள்ளைகளைப் பாருங்கள். கொழுந்துக் கூடையை வேண்டாமென்று படித்து வெளியேறிய அந்தப் பிள்ளைகள் இன்று ஜீப் ஓட்டுகிறார்கள், விடுதிகளுக்கு ஆள் அழைத்து வருகிறார்கள், கம்ப்யூட்டரில் வேலை செய்கிறார்கள். சுதந்திரம் பெற்றார்கள்; அது பெரிய பேறு. ஆனால் தாயார் ஓய்வு பெற்ற அன்றே லயன் வீடும் போயிற்று, டிஸ்பென்சரியும் போயிற்று. அந்த இடத்தில் வேறொன்று வந்ததா?

எனக்குத் தெரிந்த ஒரு ஜீப் ஓட்டுநரின் அனுபவத்தைச் சொல்கிறேன். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் பயணிகளை ஏற்றிச் செல்வது அவர் தொழில். சூரியோதயம் பார்க்க வருகிறவர்களுக்காக இருட்டிலேயே வண்டியைக் கிளப்ப வேண்டும். பாறையும் பள்ளமுமான அந்தப் பாதையில் முதல் கியரில் ஊர்ந்து ஏறும்போது ஸ்டியரிங்கைப் பிடித்த கை தோள் வரை அதிரும். ஒரு நாள் மலையிலிருந்து இறங்கும்போதே அவருக்கு வயிற்று வலி தொடங்கியது. பயணிகளை இறக்கிவிட்டுத்தான் படுத்தார். குடல்வால் வெடிக்கும் நிலையில், நண்பர்கள் அவரைப் போடிமெட்டு வழியாகக் கீழே தேனிப் பக்கம் கொண்டு போனார்கள். அவர்களுக்கு அதுவே பழகிய வழி. ஆஸ்பத்திரி மேஜையில் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஸ்டேட் இன்ஷூரன்ஸ் கார்டு?" என்பது. மனைவியின் சங்கிலி அன்று மாலையே அடகுக்குப் போயிற்று. அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, அவர் பிழைத்தார். ஆனால் தையல் ஆறும்வரை அந்தப் பாதையில் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜீப்புக்கு வாங்கிய கடனின் தவணை மட்டும் நிற்கவில்லை. நோய் அவரிடமிருந்து பணத்தை ஒரு முறை வாங்கவில்லை, இரண்டு முறை வாங்கியது: சிகிச்சைக்காக ஒரு முறை, ஓட்டாத நாட்களுக்காக மறுமுறை.

இன்னொரு காட்சியும் உங்களுக்குத் தெரியும். விடியற்காலையில் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் உத்தமபாளையத்திலிருந்தும் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு, கம்பம்மெட்டும் போடிமெட்டும் குமுளியும் தாண்டி, ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் பெண்கள் வருகிறார்கள்; மாலையில் அதே ஜீப்பில் திரும்புகிறார்கள். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் ஏலத்துக்கும் பொருந்தியது. ஆனால் ஐந்து ஹெக்டேருக்குக் குறையாத நிலமும் பதினைந்து தொழிலாளருக்குக் குறையாத தொகையும் இருந்தால்தான் அந்தச் சட்டம் ஒரு தோட்டத்துக்குள் நுழைந்தது. வண்டன்மேட்டைச் சுற்றியும் நெடுங்கண்டத்தைச் சுற்றியும் உள்ள சிறு தோட்டக்காரர்கள் பலருக்கு அவ்வளவு நிலம் இல்லை. இன்று ஒரு தோட்டம், நாளை மற்றொரு தோட்டம் என்று மாறி மாறி வேலை செய்யும் அந்தப் பெண்ணின் பெயர் எந்த மஸ்டரிலும் இல்லை. அவர் உறங்கும் மாநிலம் ஒன்று. உழைக்கும் மாநிலம் மற்றொன்று. விபத்து என்றால் எந்த அரசை நாடுவது?

அரசுகள் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது அபாண்டம். கேரளத்தில் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா பத்ததி என்ற திட்டத்தின்கீழ் சுமார் 42 லட்சம் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவு வழங்கப்படுகிறது. தமிழ்நாட்டில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-இல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாக மாறிய ஏற்பாடும் ஐந்து லட்சம் வரை தருகிறது. இவற்றால் பிழைத்த உயிர்கள் ஏராளம். ஆயினும் இவை ஏழைக் குடும்பங்களின் பட்டியலை அடிப்படையாகக் கொண்டவை. தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதாவது மாதம் பத்தாயிரம். பதினைந்தாயிரம் சம்பாதிக்கும் தையற்காரிக்கு அந்தக் கதவு திறக்காது. அந்தப் பதினைந்தாயிரத்தில் தனியார் காப்பீட்டின் பிரீமியம் கட்டவும் இயலாது. பட்டியலுக்கு மேலும் பிரீமியத்துக்குக் கீழுமாக நிற்கும் இந்த ஜனங்களே நம் எல்லை ஊர்களில் தனித்து உழைக்கும் பெரும்பான்மையோர். மேலும், ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் இந்தத் திட்டங்கள் பணம் தரும். மாதந்தோறும் வாங்க வேண்டிய சர்க்கரை மாத்திரைக்கும், படுத்திருந்த நாட்களின் கூலிக்கும் தாமே வழி தேட வேண்டும். மாநில எல்லையைத் தாண்டியும் கார்டு செல்லுமா என்பதோ, உங்கள் குடும்பம் மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறதா, மாநிலம் தன் செலவில் சேர்த்த பட்டியலில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. வலியில் துடிக்கிறவர் இந்தப் பட்டியல் ஆராய்ச்சியைச் செய்ய முடியுமா?

சரி, தாமாகவே ஒரு காப்பீட்டை வாங்கிக்கொள்ளட்டுமே என்று சிலர் கேட்கலாம். காப்பீட்டின் தத்துவம் என்ன? பலர் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி வைக்கும் பணத்தை, அந்த ஆண்டில் நோயுற்ற சிலர் எடுத்துக்கொள்வதே காப்பீடு. ஆரோக்கியமானவரும் நோயாளியும் கலந்து நின்றால்தான் அந்தக் கணக்கு ஈடேறும். தனியாக ஒருவர் வந்து எனக்குக் காப்பீடு வேண்டும் என்றால், கம்பெனிக்குச் சந்தேகம் பிறக்கிறது. நோய் வந்த பிறகுதான் வந்திருக்கிறாரோ என்று நினைக்கிறது. ஆகவே முதல் முப்பது நாள் விபத்தைத் தவிர வேறெதற்கும் பணம் இல்லை என்றும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திரு என்றும் நிபந்தனை விதிக்கிறது. ஒரே இடத்தில் வேலை செய்யும் நூறு பேர் ஒன்றாக வந்தாலோ, அவர்களில் பெரும்பாலோர் திடகாத்திரர்கள் என்பது கம்பெனிக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே எல்லா நோய்க்கும் காப்பளிக்க அது இசைவதுண்டு.

இங்கே ஒரு நுட்பமான விதி இருக்கிறது. இதைத் தயவுசெய்து மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். காப்பீடு பெறுவதையே முக்கிய நோக்கமாகக் கொண்டு ஒரு குழுவை அமைக்கக் கூடாது என்பது இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. குழு முதலில் வேறொரு காரியத்துக்காக உண்மையில் கூடியிருக்க வேண்டும். அதன் பிறகே காப்பீட்டைக் கேட்க வேண்டும். சிதறிக் கிடக்கும் நாம் ஒரு நாள் ஒரு தாளில் நூறு கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால் அது குழு ஆகாது. சேர்ந்து வேலை செய்கிறோம், சேர்ந்து வாடகை கட்டுகிறோம், சேர்ந்து கணக்கு வைக்கிறோம் என்றால் அது குழு. கூடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று நான் சொன்னதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

இது நடக்கக்கூடிய காரியமா? நடந்திருக்கிறது. இதே கேரளத்தில், வடக்கே கண்ணூரில் நடந்திருக்கிறது. அந்தக் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி கொடுங்கள்.

பீடி சுற்றுகிறவர்களின் வாழ்க்கையை நம் திருநெல்வேலிச் சீமையிலே பார்த்திருப்பீர்கள். வீட்டு மூலையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, இலையை அளவாக நறுக்கி, தூளை நிரப்பிச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் எண்ணிக் கொடுத்துக் கூலி வாங்குகிறவர்கள் அவர்கள். முதலாளி எங்கோ இருப்பார்; நடுவில் தரகர் இருப்பார். 1966-ஆம் ஆண்டில் மத்திய அரசு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தை இயற்றி, காற்றோட்டமான வேலையிடமும் சம்பளத்தோடு விடுப்பும் கொடுக்க வேண்டும் என்றது. முதலமைச்சர் ஈ.எம்.எஸ். தலைமையிலான கேரள அரசு அதை அமல்படுத்த முனைந்தபோது, மங்களூரைச் சேர்ந்த பெரிய பீடிக் கம்பெனிகள் 1968-இல் கண்ணூரிலிருந்து வேலையை எடுத்துக்கொண்டு போய்விட்டன. ஏறத்தாழ 12,000 பேர் ஒரே மூச்சில் வேலை இழந்தார்கள். அழுது தீர்த்தார்களா? இல்லை. 1969 பிப்ரவரி 15-ஆம் தேதி கேரள தினேஷ் பீடி என்ற கூட்டுறவு ஸ்தாபனத்தை நிறுவினார்கள். ஜி.கே. பணிக்கர் அதன் தலைவராக இருந்து வளர்த்தார். பங்குத் தொகைக்கு அரசு கடன் கொடுத்தது. மற்றதைத் தொழிலாளர்களின் கையும் மனமும் செய்தன.

அந்த ஸ்தாபனத்தின் உயிர் எங்கே இருந்தது தெரியுமா? அதன் வேலைக் கூடங்களில் இருந்தது. வெளிச்சமும் காற்றும் புகுந்த கூடத்தில் வரிசையாக அமர்ந்து எல்லோரும் பீடி சுற்றுவார்கள். அவர்களில் குரல்வளம் உள்ள ஒருவர் எழுந்து பத்திரிகையை உரக்கப் படிப்பார். காலையில் செய்தி, பிற்பகலில் நாவல் அல்லது வேறு புத்தகம். படிக்கிறவரின் கூலி போய்விடக் கூடாதே என்று, அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் பங்கிட்டுக்கொண்டு தம் கையால் சுற்றிக் கொடுப்பார்கள். ஒருவர் வேலை செய்ய முடியாத நேரத்தில் அவருடைய பங்கை மற்றவர்கள் சுமப்பது, இதுதானே காப்பீடு! எந்தக் கம்பெனியின் பத்திரமும் இல்லாமல், எந்த முத்திரையும் இல்லாமல், ஒரு கூரையின்கீழ் அமர்ந்ததனாலேயே அவர்கள் அதைக் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பழக்கம் தினேஷுக்கு முன்பே பீடிக் கூடங்களில் இருந்தது. தினேஷ் அதற்கு நிலையான வீட்டைக் கட்டிக் கொடுத்தது. வருங்கால வைப்பு நிதி, பிரசவ உதவி, சம்பளத்தோடு விடுமுறை, ஓய்வு பெறும்போதும் இறக்கும்போதும் கிடைக்கும் தொகை என ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. உச்சக் காலத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் உழைத்தார்கள். பீடி உடலுக்குத் தீங்கு. அதை விற்றுத்தான் அந்த நன்மை கிடைத்தது என்பது வருத்தத்துக்குரியது. பீடி விற்பனை சரிந்தபோது அவர்கள் மசாலாவுக்கும் குடைக்கும் ஆயத்த ஆடைக்கும் கம்ப்யூட்டர்ப் பணிக்கும் மாறினார்கள். பொருள் மாறியது, கூடம் கலையவில்லை.

இந்த ஸ்தாபனத்தை ஆராய்ந்து ஆங்கிலத்தில் நூல் எழுதிய மூவரில் ஒருவர் தாமஸ் ஐசக். அதே தாமஸ் ஐசக் கேரளத்தின் நிதியமைச்சராக 2021 ஜனவரியில் நிதிநிலை அறிக்கை வாசித்தபோது, ஐந்தாண்டில் இருபது லட்சம் பேருக்கு டிஜிட்டல் வழியில் வேலை என்ற திட்டத்தை அறிவித்தார். வீட்டிலிருந்தோ, வீட்டுக்கு அருகிலுள்ள பொது நிலையத்திலிருந்தோ வேலை செய்யலாம் என்றும், அப்படி வேலை செய்கிறவரின் சமூகப் பாதுகாப்பை அரசு கவனிக்க வேண்டும் என்றும் அதில் ஒரு கருத்து இருந்தது. பீடிக் கூடத்தை அறிந்தவருக்கு அந்த எண்ணம் தோன்றியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? பின்னர் 2022-23 நிதிநிலை அறிக்கையில், வீட்டருகே வேலை என்ற திட்டத்துக்கு 50 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. முதல் நிலையத்துக்குக் கொல்லம் ஜில்லாவிலுள்ள கொட்டாரக்கரை தேர்ந்தெடுக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் சித்தூர் தாலுகாவின் கிழக்கோரத்துக்கு அது எப்போது வரும்? பீர்மேட்டுக்கு எப்போது வரும்? தமிழ் பேசும் எல்லை ஊர்கள் எந்தத் திட்டத்திலும் கடைசிப் பந்தியில்தான் உட்கார வேண்டுமா?

நகரங்களில் வியாபார ரீதியான பொது வேலைக் கூடங்கள் இருக்கின்றன. கொச்சியிலும் கோயம்புத்தூரிலும் மேஜைக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கிக்கொண்டு இன்டர்நெட்டும் குளிர்சாதனமும் காப்பியும் தருகிறார்கள். அங்கே மேஜை கிடைக்கும். பக்கத்து மேஜைக்காரர் நோயுற்றால் அவருடைய வேலையை முடித்துக் கொடுக்கும் கடப்பாடு அங்கே கிடைப்பது அரிது. அந்தக் கூடத்தில் அமர்கிறவர் வாடிக்கையாளர். நான் சொல்லும் கூடத்தில் அமர்கிறவர் உறுப்பினர். சென்னை மாநகராட்சி 2025-இல் அண்ணா நகரிலும் தியாகராய நகரிலும், சாப்பாடும் சாமானும் கொண்டு கொடுக்கும் தொழிலாளர்களுக்காகக் குளிரூட்டிய ஓய்வறைகளைத் திறந்ததை இந்தத் திசையில் வைத்த முதல் அடியாகவே கருதுகிறேன். ஓய்வறையில் கூடுகிறவர்கள் நாளை சங்கமாகவும் கூடுவார்கள்.

இனி, எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் கேள்விக்கு வருவோம். பணம் யார் கட்டுவது? 1948-ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுச் சட்டம் நம் தேசத்தின் மகத்தான சட்டங்களில் ஒன்றாக இருந்தது. 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டில்லியிலும் நடைமுறைக்கு வந்தது. இன்று மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு அந்தத் திட்டத்தில் இடம் உண்டு. தொழிலாளி நூற்றுக்கு முக்கால் ரூபாய் கொடுக்கிறார். முதலாளி மூன்றேகால் ரூபாய் கொடுக்கிறார். வைத்தியத்தோடு படுத்திருக்கும் நாட்களுக்குப் பணமும் கிடைக்கிறது. நம் ஜீப் ஓட்டுநருக்கு இல்லாமற்போனது இதுவே. அவர் முக்கால் ரூபாய் கொடுக்கத் தயார். மூன்றேகால் ரூபாயைக் கொடுக்க அவருக்கு யார் இருக்கிறார்?

இந்தக் கேள்விக்கு வெவ்வேறு தேசங்கள் வெவ்வேறு விடை கண்டிருக்கின்றன. ஜெர்மனியில் 1983 முதல் எழுத்தாளர், ஓவியர், இசைவாணர் போன்ற தனித்து உழைக்கும் கலைஞர்களுக்கென்று ஒரு நிதி நடக்கிறது. கலைஞர் தம் சந்தாவில் பாதியைக் கட்டுகிறார். மறுபாதியில் பெரும்பகுதியை அவருடைய உழைப்பை வாங்கும் பதிப்பகங்களும் கலையரங்குகளும் கட்டுகின்றன. மிச்சத்தை அரசு கட்டுகிறது. முதலாளி ஒருவர் இல்லாவிட்டால் என்ன, உழைப்பின் பலனை அனுபவிக்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்கள் எல்லோரும் சேர்ந்து முதலாளியின் பங்கைக் கட்டட்டும் என்பது அதன் நியாயம். நம் நாட்டிலும் இந்த நியாயம் அரும்பியிருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், செயலி வழியே வேலை வாங்கும் நிறுவனங்கள் தம் ஆண்டு வரவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை அந்தத் தொழிலாளரின் நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். ஆமதாபாத்தில் எலா பட் அம்மையார் 1972-இல் தொடங்கிய சேவா என்ற சங்கம், தனித்து உழைக்கும் ஏழைப் பெண்களுக்கென்று 1992 முதல் காப்பீடு நடத்திக் காட்டியிருக்கிறது.

ஆமதாபாத்துக்கும் போக வேண்டாம்; நம் சித்தூர் தாலுகாவிலேயே பாருங்கள். இங்குள்ள தென்னந்தோப்புகளிலிருந்து இறக்கும் கள்தான் கேரளத்தின் மற்ற ஜில்லாக்களுக்கும் வண்டி வண்டியாகப் போகிறது. தோப்பு ஒருவருடையது, கடை உரிமம் மற்றொருவருடையது, உழைப்பு மட்டும் மரமேறியுடையது. அந்த மரமேறிக்கு 1969 முதல் க்ஷேமநிதி சட்டம் இருக்கிறது. உரிமம் பெற்றவரும் பணம் கட்டுகிறார், தொழிலாளியும் கட்டுகிறார். தையல் தொழிலாளருக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி க்ஷேமநிதி போர்டு உண்டு. கம்ப்யூட்டரில் வடிவமைக்கும் இளைஞருக்கு மட்டும் ஏன் எட்டாமல் இருக்கிறது? ஏனென்றால் கள்ளுக்குத் தோப்பும் கடையும் கண்ணுக்குத் தெரிகின்றன; கணக்கெடுப்பவர் அங்கே போய் எண்ணிவிடலாம். அந்த இளைஞரோ வீட்டின் உள்ளறையில் ஒரு திரையின் முன் அமர்ந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரருக்கே அவர் என்ன வேலை செய்கிறார் என்பது தெரியாது. கண்ணுக்குப் படாத உழைப்பைச் சட்டம் எப்படிக் காணும்? ஆகவேதான் மீண்டும் சொல்கிறேன்: கூடம் வேண்டும்.

அந்தக் கூடத்துக்குப் பெரிய மாளிகை தேவையில்லை. 1945-இல் பி.என். பணிக்கர் 47 நூலகங்களை ஒன்றுசேர்த்துத் தொடங்கிய இயக்கத்தின் பயனாக, கேரளத்தில் வாசகசாலை இல்லாத பஞ்சாயத்தைக் காண்பது அரிது. அவற்றுள் பல மாலையில்தான் உயிர்பெறுகின்றன. பகலில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. அங்கே இரண்டு நீண்ட மேஜை, தடையில்லாத மின்சாரம், அரசின் கே-ஃபோன் இணைய இணைப்பு, தையல் மெஷின்களுக்கு ஒரு தாழ்வாரம், கைக்குழந்தையோடு வரும் தாய்க்கு ஒரு தனி அறை, ஓட்டுநர்கள் சவாரி முடிந்து முதுகு சாய்க்க ஓர் இடம், இவ்வளவு இருந்தால் தொடங்கிவிடலாம். மாதச் சந்தாவில் ஒரு பகுதி கூடத்துக்கு, மறுபகுதி காப்பீட்டுக்கு என்று முதல் நாளிலேயே கணக்கைப் பிரித்து வையுங்கள். வாரம் ஒரு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியர் வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கட்டும். வீட்டிலிருந்தே வேலை செய்யலாமே, எதற்கு வெளியே போக வேண்டும் என்று கேட்கும் ஆண்களுக்கு ஒன்று சொல்வேன்: வீட்டில் அமர்ந்து சம்பாதிக்கும் பெண்ணுக்கு அடுப்பும் ஓயாது, திரையும் ஓயாது, அவருக்குத் தலைவலி என்றால் அதைக் கவனிக்கும் இன்னொரு பெண் பக்கத்து மேஜையில் இருப்பது அவருடைய ஆயுளுக்கே நல்லது.

இந்தப் பாதையில் ஒரு தடையும் இருக்கிறது. அதை இந்த அரங்கிலிருந்தே உரக்கச் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபரும் அவர் குடும்பமும் வாங்கும் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. வரி நீக்கப்பட்டது. அதற்கு முன் அது நூற்றுக்குப் பதினெட்டு. மகிழ்ச்சியான செய்தி. ஆனால் குழுவாகச் சேர்ந்து வாங்கும் காப்பீட்டுக்கு அந்த விலக்கு கிடைக்கவில்லை. பதினெட்டு ரூபாய் அப்படியே நிற்கிறது. பெரிய கம்பெனிகள் தம் ஊழியர்களுக்காகக் கட்டும் வரியும், நூறு தையற்காரிகளும் ஓட்டுநர்களும் சேர்ந்து கட்டும் வரியும் ஒன்றாக இருப்பது நியாயமா? தனியே நிற்கிறவருக்கு வரி இல்லை, கூடி நிற்கிறவருக்கு வரி உண்டு என்றால், பலவீனர்களை மேலும் பிரிந்து போகச் சொல்வதாகாதா? முதலாளி இல்லாத தொழிலாளர்களின் கூட்டுறவுக் குழுக்களுக்கேனும் இந்த வரியை நீக்க வேண்டும் என்று கேரளமும் தமிழ்நாடும் ஜி.எஸ்.டி. கவுன்சிலில் சேர்ந்து குரல் கொடுக்க வேண்டும். தமக்குள் வழக்காடிய இரண்டு அரசுகள், இந்த ஒரு விஷயத்தில் ஒரே பக்கம் நிற்கலாம். அதோடு, உழைக்கும் மாநிலத்தின் கூடத்தில் பெயர் பதிந்தவருக்கு இரு மாநிலத்து அரசு மருத்துவமனைகளிலும் ஒரே கார்டு செல்ல வேண்டும் என்ற உடன்படிக்கையையும் அவை செய்துகொள்ளலாம். தேனி மருத்துவக் கல்லூரியும் இடுக்கி மருத்துவக் கல்லூரியும், கோயம்புத்தூர் மருத்துவக் கல்லூரியும் பாலக்காடு மருத்துவக் கல்லூரியும் நம் ஜனங்களுக்கு அண்டை வீடுகள்தாமே.

இப்போது உங்களால் உடனே ஆகக்கூடிய காரியம் ஒன்று உண்டு. 1996 ஆகஸ்டில் கேரளத்தில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது முதல், பஞ்சாயத்தின் திட்ட நிதியை எதற்குச் செலவிடுவது என்று யோசனை சொல்லும் அதிகாரம் கிராம சபைக்கு இருக்கிறது. அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு, உங்கள் வார்டில் தனித்து உழைக்கிறவர்களின் பெயர், தொழில், வயது, எந்த மாநிலத்துக் கார்டு ஆகிய விவரங்களை எழுதிய பட்டியலோடு போங்கள். வாசகசாலையின் பகல் நேரத்தைக் கேளுங்கள். மேஜைக்கும் மின்சாரத்துக்கும் தொகை ஒதுக்கக் கேளுங்கள். அந்த மனுவின் நகலைத் தொழில்துறைக்கும் சுகாதாரத்துறைக்கும் அனுப்புங்கள். மலையாளம் எழுதத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் உரிமை கொடுத்திருக்கிறது. மனுவைத் தமிழில் எழுதி, கீழே எல்லோரும் கையெழுத்திட்டு, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.